தீராத பித்து: தாமஸ் கிளார்க்ஸன் சரிதம்

பொதுவாழ்வில் இறங்கியவர்களிடம் நாம் அடிக்கடி காணும் குறை ஊக்கமின்மை அன்று, ஊக்கம் சிதறிப்போவதே. காலையில் ஒரு சங்கம், மாலையில் ஒரு கமிட்டி, அடுத்த மாதம் வேறொரு கிளர்ச்சி என்று ஓடித் திரிகின்றவர் பலர். அவர்களுடைய நன்னோக்கத்தை நாம் ஐயுறவில்லை. ஆயினும், பத்தாண்டு கழித்துத் திரும்பிப் பார்க்குங்கால், நிறைவேற்றிய தீர்மானங்கள் பல இருக்க, நிறைவேறிய காரியம் ஒன்றேனும் இல்லாமற் போவது ஏன் என்ற கேள்வி எழாமலிராது. இவர்களினின்றும் வேறான ஒரு வகையினர் உண்டு. அவர்களை ஒரே எண்ணம் பற்றிக்கொள்கிறது. உண்ணும்போதும் உறங்கும்போதும் அவ்வெண்ணமே அவர்களை ஆட்டிவைக்கிறது. காரியம் முடியும்வரை உலகம் அவர்களைப் பித்தர் என்று எள்ளுகிறது. முடிந்த பின்னர் மகான்கள் என்று போற்றுகிறது. அத்தகைய பித்து எவ்வாறு பிறக்கின்றது, எதனால் பயன் தருகின்றது, எதனை விலையாகக் கேட்கின்றது என்பவற்றை அறிய விரும்புவோர், ஆங்கிலேயரின் அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் பாடுபட்ட தாமஸ் கிளார்க்ஸனுடைய சரிதத்தைப் பயிலுதல் நன்று.

ஆங்கிலேயர் ஒருவரின் சரிதத்தை நம் தேச ஊழியர்முன் வைப்பதற்கு நாம் சமாதானம் கூறவேண்டியதில்லை. அவர் எதிர்த்து நின்றது தம் சொந்த நாட்டின் செல்வத்தையும் செருக்கையுமே. பிரிட்டிஷ் கப்பல்கள் ஆப்பிரிக்காவிலிருந்து அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடத்திச் சென்ற மக்கள் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர். லிவர்ப்பூலும் பிரிஸ்டலும் அவ்வியாபாரத்தாற் கொழுத்தன. பார்லிமெண்டு அங்கத்தினர் பலரும், பிரபுக்கள் பலரும், பாதிரிமார் சிலரும் அதன் லாபத்திற் பங்குடையவராயிருந்தனர். அது தவறென்று எண்ணியவர் முன்பும் இருந்தனர். எண்ணிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போகாதவர் மிகச் சிலரே.

கிளார்க்ஸன் 1760-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 28-ந் தேதி, இங்கிலாந்தில் விஸ்பீச் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் பாதிரியார், அவ்வூர்ப் பாடசாலையின் தலைமையாசிரியருமாவார். மகன் ஆறு வயதுச் சிறுவனாயிருக்கும்போதே அவர் காலமாயினார். லண்டனிலும், பின்னர்க் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையிலும் கல்வி பயின்ற கிளார்க்ஸன், தந்தையைப் போலவே பாதிரியாராகக் கருதி, 1783-ல் அதற்குரிய முதற் பட்டத்தையும் ஏற்றார். ஆறடிக்கு மேற்பட்ட உயரம், செம்பட்டை மயிர், கூர்த்த அறிவு, பரிசு பெறுவதில் ஆசை: இவையே இளமையில் அவருக்கிருந்த அடையாளங்கள். அடிமை வியாபாரத்தைப் பற்றி அவர் அப்பொழுது சிந்தித்ததேயில்லை.

இவ்விடத்தில் ஒரு வழக்கைக் குறிப்பிடவேண்டும். 1781-ல் ஜாங் என்னும் கப்பலிற் கொண்டுசெல்லப்பட்ட அடிமைகளுள் நூற்றுமுப்பதுக்கும் அதிகமானவர் உயிருடன் கடலில் எறியப்பட்டனர். குடிநீர் போதவில்லை என்பது கப்பல்காரர் கூறிய காரணம். கப்பலின் சொந்தக்காரர்கள், இழந்த சரக்குக்காக இன்ஷ்யூரன்ஸ் பணம் கோரினார்கள். 1783-ல் லண்டன் நியாயஸ்தலத்தில் மான்ஸ்பீல்டு பிரபுவின் முன் வாதிக்கப்பட்டபோது, அது கொலை வழக்காக வரவில்லை; சரக்கு நஷ்ட வழக்காகவே வந்தது. சட்டப் புத்தகங்களோடு பழகிய நமக்கு, சட்டம் எவ்வளவு அமைதியாகப் பாவத்தைத் தாங்கி நிற்கக்கூடும் என்பதற்கு இதனினும் பயங்கரமான உதாரணம் அகப்படவில்லை. அச்செய்தியால் மனங்கலங்கியவர்களுள் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைத் துணைத்தலைவராயிருந்த பெக்கார்டு ஒருவர். பிறரை அவர்தம் விருப்பத்துக்கு மாறாக அடிமைப்படுத்துவது நியாயமா என்னும் பொருளை, 1785-ம் ஆண்டு லத்தீன் வியாசப் போட்டிக்கு அவர் அளித்தார்.

முந்திய ஆண்டில் ஒரு பரிசைப் பெற்றிருந்த கிளார்க்ஸன், இரண்டாவது பரிசையும் பெறவேண்டும் என்னும் புகழாசையாலேயே இப்போட்டியிற் புகுந்தார். இதனை அவரே பிற்காலத்தில் ஒளியாமல் ஒப்புக்கொண்டிருக்கிறார். செய்தி தேடத் தொடங்கியவுடன் நிலைமை மாறிற்று. அவ்வியாபாரத்தில் ஈடுபட்டு இறந்துபோன ஒருவரின் காகிதங்கள் கிடைத்தன. மேற்கிந்தியத் தீவுகளிற் சேவை செய்து திரும்பியவர்களைக் கேட்டறிந்தார். அமெரிக்காவில் வாழ்ந்த பெனஸெட் என்னும் க்வேக்கர் சமயத்தவர் எழுதிய நூலையும் வாங்கிப் படித்தார். பகலெல்லாம் மனவேதனை, இரவிலே தூக்கமில்லை. நள்ளிரவில் தோன்றும் எண்ணத்தை உடனே எழுந்து குறித்துக்கொள்ளும்பொருட்டு, படுக்கையறையில் மெழுகுவர்த்தியை அணைக்காமலே வைத்திருந்தார். பரிசு கிடைத்தது. ஆனால் பரிசு கிடைத்ததும் வியாசத்தை மறந்துவிடும் மாணவனாக அவர் இப்பொழுது இல்லை.

வியாசத்தைச் சபைமுன் வாசித்துவிட்டு, அவர் குதிரையேறி லண்டனுக்குப் புறப்பட்டார். தாம் எழுதியது மெய்யா என்ற ஒரே கேள்வி வழிநெடுக அவரை வருத்தியது. சற்றுத் தூரம் நடந்தார், மீண்டும் ஏறினார். ஹெர்ட்போர்டு ஜில்லாவில் வேட்ஸ்மில் என்னுமிடத்தை நெருங்கியபோது, மனந்தாளாமல் இறங்கி, குதிரையைப் பிடித்தபடியே சாலையோரப் புல்லில் உட்கார்ந்துவிட்டார். எழுதியவையெல்லாம் மெய்யாயின், இக்கொடுமையை ஒழிக்கும்வரை எவரேனும் ஒருவர் இதனை விடாது தொடரவேண்டுமன்றோ என்ற எண்ணம் அங்கே உதித்தது. அந்த ஒருவர் தாமேயாக இருக்கவேண்டும் என்பதை ஏற்க அவருக்கு மேலும் பல மாதங்கள் சென்றன. எதிரே நல்ல உத்தியோகமும் சபையில் உயர்பதவியும் காத்திருந்தன, வயதோ இருபத்தைந்து. பித்துக் கொண்டவர்கள் தயங்குவதில்லை என்று கதை கூறுவோர் சொல்வார்கள். கிளார்க்ஸன் தயங்கினார், கணக்குப் பார்த்தார், அதன் பின்னரே தம்மைக் கொடுத்தார். ஆதலாற்றான் அக்கொடை திரும்பப் பெறப்படவில்லை என்று நாம் கருதுகிறோம்.

1786-ல் வியாசம் ஆங்கிலத்தில் நூலாக வெளிவந்தது. 1787-ம் ஆண்டு மே மாதம் 22-ந் தேதி, லண்டனில் ஓர் அச்சுக்கூடத்திற் பன்னிருவர் கூடி ஒரு கமிட்டியை நிறுவினர். அவர்களில் ஒன்பதின்மர் க்வேக்கர்கள். கிரான்வில் ஷார்ப் தலைமை வகித்தார். பார்லிமெண்டில் இவ்விஷயத்தை எடுத்துப் பேசும் பொறுப்பை வில்பர்போர்ஸ் ஏற்றார். சாட்சியம் திரட்டும் வேலை கிளார்க்ஸனுடையதாயிற்று.

இங்கேதான் அவருடைய பித்து ஏனையோர் ஆவேசத்தினின்றும் வேறுபடுகிறது. ஆவேசங்கொண்ட பிரசங்கியாயின் மேடை தேடிச் சென்றிருப்பார். கிளார்க்ஸன் துறைமுகங்களைத் தேடிச் சென்றார். பிரிஸ்டலில் ஒரு விடுதிக்காரரைத் துணைக்கொண்டு, இரவிற் சாராயக் கடைகள்தோறும் புகுந்து, மாலுமிகளை மயக்கியும் கடனில் ஆழ்த்தியும் அடிமைக் கப்பல்களில் ஏற்றும் வகையை நேரிற் கண்டார். சுங்கச் சாவடிகளிலிருந்த மாலுமிப் பட்டியல்களை வரிவரியாகப் பிரதி செய்தார். ஆயிரக்கணக்கான மாலுமிகளில் எவர் மீண்டார், எவர் மாண்டார், எவர் ஓடிப்போனார் என்று பெயர்வாரியாகக் கணக்கெடுத்தார். இதன் சூட்சுமம் கவனிக்கத்தக்கது. இவ்வியாபாரம் கடற்படைக்கு மாலுமிகளைப் பயிற்றும் நாற்றங்கால் என்பது எதிர்க்கக்ஷியாரின் தலையாய வாதம். அது நாற்றங்கால் அன்று, இடுகாடே என்று அவர்களுடைய பட்டியல்களைக்கொண்டே அவர் நிரூபித்தார். ஆப்பிரிக்கன் துயருக்கு இரங்காதவனும் ஆங்கில மாலுமியின் சாவுக்கு இரங்கவேண்டியவனானான். எதிரியின் கணக்குப் புத்தகத்தைக்கொண்டே எதிரியை மடக்குவதைவிட உறுதியான வாதம் எந்த வக்கீலுக்கும் இல்லை.

லிவர்ப்பூலில் ஒரு கடைச் சன்னலில், கைவிலங்கு, கால்விலங்கு, கட்டைவிரலை நசுக்கும் திருகு, பட்டினி கிடந்து உயிர்விட முயலும் அடிமையின் வாயைப் பலவந்தமாகத் திறக்கும் கருவி ஆகியவை பகிரங்கமாக விற்பனைக்கு வைக்கப்பட்டிருந்தன. அவற்றை விலைகொடுத்து வாங்கினார். மற்றொரு பெட்டியில் ஆப்பிரிக்க மக்கள் நெய்த துணி, செதுக்கிய மரம், தந்தம், மிளகு முதலியவற்றைச் சேகரித்தார். மனிதரையன்றிப் பொருள்களை வாங்கும் நேர்மையான வாணிகம் அந்நாட்டோடு நடைபெறலாகும் என்பதை அப்பெட்டி காட்டிற்று. 1788-ல் பிரிவி கௌன்ஸிலின் விசாரணையிலே அதனைத் திறந்து காட்டினார். அப்பெட்டி அவர் பிறந்த ஊரின் காட்சிசாலையில் வைத்துக் காப்பாற்றப்பட்டு வருகிறது.

அதே லிவர்ப்பூலில், புயல் வீசிய ஒரு நாள் துறைமுகத்து மேடையில் நின்றவரை, எட்டொன்பது பேர் நெருங்கிவந்து கடலுக்குள் தள்ள முயன்றனர். தம் நெடிய உடலின் பலத்தால் ஒருவனைக் கீழே வீழ்த்தி, அடிபட்டுக்கொண்டே தப்பினார். ஊரைவிட்டு ஓடவில்லை, அங்கு செய்யவேண்டிய வேலையை முடித்துக்கொண்டே புறப்பட்டார்.

ஆப்பிரிக்க நதிகளின் உட்புறத்தில் மக்கள் எவ்வாறு பிடிக்கப்படுகின்றனர் என்பதைக் கண்ணாற் கண்ட சாட்சி ஒருவர் தேவைப்பட்டார். அத்தகைய மாலுமி ஒருவரைப் பார்த்ததாக ஒரு நண்பர் சொன்னார். பெயர் தெரியாது, ஊர் தெரியாது, ஏதோ ஒரு போர்க்கப்பலில் இருக்கிறார் என்பதுமட்டும் தெரியும். அந்தத் தோற்றக் குறிப்பை வைத்துக்கொண்டு, கிளார்க்ஸன் துறைமுகம் துறைமுகமாகச் சென்று கப்பல் கப்பலாக ஏறி விசாரித்தார். டெப்ட்போர்டு, வுல்விச், சாத்தம், ஷீர்னெஸ், போர்ட்ஸ்மத் ஆகிய இடங்களிலும் அகப்படவில்லை. நூற்றுக்கணக்கான கப்பல்களைத் துருவிய பின்னர், கடைசித் துறைமுகமாகிய பிளிமத்தில் ஐஸக் பார்க்கர் என்னும் அம்மாலுமியைக் கண்டுபிடித்தார். நள்ளிரவுகளில் ஆயுதந்தாங்கிய படகுகளிற் சென்று கிராமங்களைச் சூழ்ந்து மக்களைப் பிடித்ததைப் பார்க்கர் காமன்ஸ் சபைக் கமிட்டியின்முன் சாட்சியமாக உரைத்தார். ஒரு சாட்சிக்காக இத்தனை கப்பல்களா என்று நகைப்பவர் நகைக்கட்டும். நம் வழக்கு ஒன்றுக்கு இவ்வாறு உழைக்கும் ஒருவர் கிடைப்பாராயின், தோல்வியைப்பற்றி நாம் அஞ்சவேண்டுவதில்லை.

ஏழாண்டுகளில் அவர் கடந்த தூரம் சுமார் 35,000 மைல், பெரும்பாலும் குதிரைமேல். அவர் சென்ற ஊர்களில் கிளைக் கமிட்டிகள் முளைத்தன. மான்செஸ்டர் நகரம் ஒன்றே பதினாயிரத்துக்கும் அதிகமான கையெழுத்துக்களுடன் மகஜர் அனுப்பிற்று. புரூக்ஸ் என்னும் அடிமைக் கப்பலின் தளங்களில் நானூற்றுக்கும் மேற்பட்டவர் பெட்டியில் அடுக்கிய மீன்போற் கிடத்தப்படும் வகையைக் காட்டும் படம், 1789-ல் லண்டன் கமிட்டியாற் பிரசுரிக்கப்பட்டுச் சுவர்தோறும் தொங்கிற்று. முன்னொரு பயணத்தில் அக்கப்பல் 609 பேரை ஏற்றிச் சென்றதென்பதே உண்மை. அவ்வாண்டிலேயே, அடிமையாயிருந்து விடுதலைபெற்ற ஒலாடா எக்வியானோ தம் சுயசரிதத்தை வெளியிட்டு, ஊர்தோறும் சென்று பேசினார். துயருற்றவர் தம் குரலிலேயே பேசியது, பிறர் திரட்டிய சாட்சியங்களுக்கெல்லாம் உயிரூட்டிற்று.

1791 ஏப்ரலில் மசோதா 163-க்கு 88 வோட்டாகத் தோற்றது. உடனே ஜனங்கள் வேறொரு வழியை மேற்கொண்டனர். அடிமைகள் விளைவித்த சர்க்கரையை உண்பதில்லை என்ற பகிஷ்காரம் வீடுதோறும் பரவிற்று. மூன்று லட்சம் பேர் சர்க்கரையை விட்டதாகக் கிளார்க்ஸன் மதிப்பிட்டார். வோட்டுரிமையற்ற பெண்மக்கள் அதில் முன்னின்றனர். 1905-ல் வங்காளத்தில் அந்நியத் துணியைப் பகிஷ்கரித்தவர்களுக்கு முன்பாகவே, ஆங்கிலேயர் வீட்டு அடுக்களையில் அந்த ஆயுதம் கூர்மை பெற்றிருந்தது என்பதை நம்மவர் நினைவிற்கொள்ளலாம். 1792-ல் 519 மகஜர்கள் பார்லிமெண்டை அடைந்தன. படிப்படியாக ஒழிக்கலாம் என்று காமன்ஸ் சபை இசைந்தது. பிரபுக்கள் சபை காலங்கடத்திற்று. 1793-ல் பிரான்ஸோடு யுத்தம் மூண்டது. சீர்திருத்தம் பேசுவோரெல்லாம் ராஜத்துரோகிகள் எனச் சந்தேகிக்கப்பட்டனர்.

1794-ல் கிளார்க்ஸன் உடைந்து விழுந்தார். நினைவு தடுமாறிற்று; குரல் அடைத்தது; மாடியேறினால் மயக்கம் வந்தது. கைப்பணமும் கரைந்திருந்தது, நண்பர்கள் பணந்திரட்டி உதவினர். ஏரிகள் நிறைந்த வடநாட்டுக்குச் சென்று நிலம் உழுதார். 1796-ல் காதரின் பக் என்னும் அறிவிற்சிறந்த மாதை மணந்தார். ஊழியர்கள் ஆழ்ந்து சிந்திக்கவேண்டிய உண்மையொன்று இவ்விடத்தில் உள்ளது. அவர் ஒதுங்கியபின் லண்டன் கமிட்டி தளர்ந்தது. 1797 முதல் 1804 வரை அது கூடவேயில்லை. யுத்தகாலத்தின் அச்சம் ஒரு காரணமேயாயினும், ஒருவர் தோளில் எல்லாச் சுமையையும் ஏற்றிவிட்டு ஏனையோர் தீர்மானம் மட்டும் நிறைவேற்றிக்கொண்டிருந்தால் நேர்வது இதுதான். பித்துக்கொண்டவரைப் போற்றும் தேசம், அவர் உடல் தாங்குமாவென்று பார்க்கவும் கடமைப்பட்டது.

ஆயினும் பித்து தீரவில்லை, உறங்கியிருந்தது. 1804-ல் கமிட்டி மீண்டும் கூடியபோது கிளார்க்ஸன் திரும்பினார். பழைய சாட்சிகளில் எஞ்சியிருந்தோரைத் தேடி மறுபடியும் குதிரையேறினார். 1807 பிப்ரவரியிற் காமன்ஸ் சபை 283-க்கு 16 வோட்டாக மசோதாவை ஆதரித்தது. மார்ச்சு 25-ந் தேதி அது சட்டமாயிற்று. சாலையோரப் புல்லில் உட்கார்ந்த நாளிலிருந்து இருபத்திரண்டு ஆண்டுகள்!

வேறொருவராயின் இத்துடன் ஓய்ந்திருப்பார். வியாபாரம் ஒழிந்தது, அடிமைத்தனம் ஒழியவில்லை என்பதை அவர் மறக்கவில்லை. ருஷ்யச் சக்கரவர்த்தியை இருமுறை நேரிற் கண்டு வேண்டினார். அடிமைகள் தாமே போராடி விடுதலை பெற்ற ஹெயித்தியின் அரசர் கிறிஸ்தோபுக்கு யோசனைகள் எழுதினார். அவ்வரசர் மாண்டபின், அவர் மனைவிக்கும் புதல்வியருக்கும் தம் இல்லத்தில் இடமளித்தார். 1823-ல் புதிய சங்கம் தோன்றியதும், அறுபத்துமூன்றாம் வயதில் மீண்டும் பயணந் தொடங்கிச் சுமார் 10,000 மைல் சுற்றினார். ஜமெய்காவில் 1831-ம் ஆண்டு இறுதியில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தது பார்லிமெண்டின் சோம்பலைக் கலைத்தது. 1833-ல் ஒழிப்புச் சட்டம் நிறைவேறி, 1834 ஆகஸ்டு முதல் தேதி அமலுக்கு வந்தது. நஷ்டஈடாக இரண்டு கோடிப் பவுன் அளிக்கப்பட்டது, அடிமைகளுக்கல்ல, எஜமானர்களுக்கு! விடுதலை பெற்ற சுமார் எட்டு லட்சம் பேரில் பெரும்பாலோர் பயிற்சிக்காலம் என்ற பெயரால் 1838 வரை பழைய எஜமானர்களிடமே கட்டுண்டு உழைத்தனர்.

நம் நாட்டார் அறியவேண்டிய மற்றொன்றும் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்குட்பட்ட பிரதேசங்களும் இலங்கையும் அச்சட்டத்தினின்று விலக்கப்பட்டன. அடிமையுரிமையை நியாயஸ்தலங்கள் அங்கீகரிக்கலாகாது என்ற சட்டம் இந்தியாவில் 1843-லேயே வந்தது. மேலும், விடுதலையடைந்தவர்களின் இடத்தை நிரப்ப மொரீஷியஸ் முதலிய தீவுகளுக்கு ஒப்பந்தக் கூலிகளாக அனுப்பப்பட்டவர்களில் நம் தமிழ்மக்கள் பல்லாயிரவர். அவ்வனுப்புதல் நிறுத்தப்பட்டது 1917-ல். ஒரு வாயிலை அடைத்தால் லாபவேட்கை மறுவாயிலைத் திறக்கும். விழிப்புடைய பித்தர்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் தேவைப்படுவது இதனாலேதான்.

கடைசிக் காலம் அவருக்கு இனிதாக அமையவில்லை. கண்பார்வை மங்கி, சிகிச்சையால் மீண்டது. 1837-ல் ஒரே மகன் வண்டி விபத்தில் இறந்தான். மறுவருஷம், வில்பர்போர்ஸின் புதல்வர்கள் தம் தந்தையாரின் சரித்திரத்தை வெளியிட்டு, அதிற் கிளார்க்ஸனை ஒரு கூலிக்காரர்போற் சிறுமைப்படுத்தினர். எழுபத்தெட்டு வயதுக் கிழவர் ஆதாரங்களுடன் மறுப்பு எழுதவேண்டியதாயிற்று. பின்னர் அப்புதல்வர்கள் தவற்றை ஒப்புக்கொண்டனர். எனினும் உலகம் வில்பர்போர்ஸின் பெயரையே மனப்பாடம் செய்துகொண்டது. 1840-ல் லண்டனிற் கூடிய உலக அடிமையொழிப்பு மகாநாட்டைத் துவக்கிவைக்க எண்பது வயதுக் கிளார்க்ஸன் எழுந்தபோது, சபை மௌனமாக எழுந்து நின்றது. 1846 செப்டம்பர் 26-ந் தேதி அவர் உயிர் நீத்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவருக்கென ஒரு நினைவுக் கல் 1996-ல், நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்பே, பதிக்கப்பட்டது.

இச்சரிதத்தினின்று நாம் பெறும் பாடம் யாது? பித்து மட்டும் பெருஞ்செயலாகாது. வெறும் பித்து கூச்சலிட்டு ஓயும். கிளார்க்ஸனின் பித்து பட்டியல்களைப் பிரதி செய்தது, கப்பல்களில் ஏறியது, எதிரியின் வாதத்தைக் கற்றது. அதனாற் பயன் விளைந்தது. திருவள்ளுவர் வினைத்திட்பத்துக்கென ஓர் அதிகாரத்தையே வகுத்தார். அத்திட்பம் பிறவிக்குணமாகத்தான் வரவேண்டும் என்பதில்லை. பரிசுக்காகப் பேனா பிடித்த மாணவனையும் அது பற்றிக்கொண்டது. அவன் செய்ததெல்லாம், மெய்யென்று கண்டதினின்றும் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமையே.

நம் ஊழியர்களை நாம் வேண்டிக்கொள்வது இது. உங்கள் பெயர் பத்துக் கமிட்டிகளின் பட்டியலில் இருக்குமாயின், ஒன்பதினின்று அதனை நீக்கிவிடுங்கள். எஞ்சிய ஒன்றுக்காக எத்தனை கப்பல்களில் ஏறச் சித்தமாயிருக்கிறோம் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். உங்களிடையே அவ்வாறு ஏறத் துணிந்த ஒருவர் இருப்பாராயின், அவரை எள்ளாதீர்கள். தனியே விடவும் செய்யாதீர்கள். அவர் களைத்து வீழும் நாளில் அவருடைய குறிப்புப் புத்தகத்தை வாங்கி அடுத்த துறைமுகத்துக்குப் புறப்பட ஒருவராவது காத்திருக்கட்டும்.